அடித்தால் என்ன, ஆட்டம்தானே?

உங்கள் வீட்டில் பதினாலு, பதினைந்து வயசில் ஒரு பிள்ளை இருக்கிறானா? பள்ளிக்கூடத்து ஃபுட்பால் கோஷ்டியிலோ, ஹாக்கி கோஷ்டியிலோ, கபடிக் கோஷ்டியிலோ அவன் ஆடுகிறானா? அப்படியானால் இந்த வாரச் சமாசாரம் உங்களுக்குத்தான். பெண் ஆடுகிறாள் என்றாலும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அவளைப் பற்றியும் பின்னால் வருகிறது.

சனிக்கிழமை சாயங்காலம். பந்தயம் முடிந்து பிள்ளையாண்டான் வீட்டுக்கு வருகிறான். முழங்காலில் சிராய்ப்பு, சட்டையெல்லாம் செம்மண். "ஐயையோ, என்னடா இது!" என்று பதறி, வெந்நீரும் பஞ்சும் எடுத்துக்கொண்டு ஓடி வருகிறீர்கள். அவனோ வெகு அலட்சியமாக, "ஒண்ணுமில்லேம்மா. அந்த ஸ்கூல் பையன் காலை வாரிவிட்டான். நான் சும்மா விடுவேனா? அடுத்த தடவை பந்து வந்தப்போ கொடுத்தேன் பாரு ஒண்ணு, நொண்டிக்கிட்டே வெளியே போனான்!" என்கிறான்.

நீங்கள் திடுக்கிட்டுப் போய், "அப்படியெல்லாம் செய்யலாமாடா?" என்று கேட்கிறீர்கள். "உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. ஆட்டத்திலே இதெல்லாம் சகஜம்!" என்று பதில் வருகிறது. கூடத்தில் பத்திரிகைக்குப் பின்னால் மறைந்திருக்கும் அவன் அப்பா, தலையைக்கூடத் தூக்காமல், "விடு. ஆண்பிள்ளை. நாலு அடி கொடுப்பான், நாலு அடி வாங்குவான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். வழக்கு முடிந்தது. நொண்டிக்கொண்டு போன அந்தப் பையன் வீட்டிலும் ஒரு தாயார் வெந்நீரும் பஞ்சுமாக உட்கார்ந்திருப்பாள் என்பது மட்டும் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

சகோதரிகளே, "ஆட்டத்திலே இதெல்லாம் சகஜம்" என்ற அந்த மூன்று வார்த்தைகளைத்தான் இந்த வாரம் கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

உங்கள் பிள்ளை பொல்லாதவனா? நிச்சயம் இல்லை. பஸ்ஸில் வயசானவர் ஏறினால் எழுந்து இடம் கொடுக்கிறவன்தான். தெருவில் நாய்க்குட்டி ஒன்று அடிபட்டுக் கிடந்தால் வீட்டுக்குத் தூக்கி வந்து உங்கள் உயிரை வாங்குகிறவன்தான். தங்கையைக் கைநீட்டி அடித்துவிட்டால், அன்று ராத்திரி அவனுக்கே சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவன், இன்னொரு வீட்டுப் பிள்ளையின் காலில் உதைத்துவிட்டு வந்து, அதைப் பெருமையாகச் சொல்லிக் காண்பிக்கிறானே, அது எப்படி?

இந்தக் கேள்வியை 1980களில் அமெரிக்காவில் இருவர் எடுத்துக்கொண்டார்கள். கலிபோர்னியா சர்வகலாசாலையில் இருந்த பிரெண்டா பிரெடமேயர் என்ற அம்மையாரும், டேவிட் ஷீல்ட்ஸ் என்பவரும். உயர்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கிற பிள்ளைகளையும் பெண்களையும் உட்கார்த்தி வைத்து, சில தர்மசங்கடமான நிலைமைகளைச் சொல்லி, "நீ என்ன செய்வாய்? ஏன்?" என்று கேட்டார்கள். சில கேள்விகள் அன்றாட வாழ்க்கையைப் பற்றியவை. சில விளையாட்டு மைதானத்தைப் பற்றியவை. வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது நிதானமாக, மற்றவனுடைய கஷ்டத்தையும் யோசித்துப் பதில் சொன்ன அதே பிள்ளை, மைதானத்தைப் பற்றிப் பேசும்போது சின்னக் குழந்தை மாதிரி "எனக்கு என்ன லாபம்?" என்ற நியாயத்துக்கு இறங்கிவிட்டான்!

இதற்கு அவர்கள் வைத்த பெயர் வேடிக்கையானது: அடைப்புக்குறிக்குள் போட்ட நியாயம். கணக்கில் சில எண்களை அடைப்புக்குறிக்குள் போட்டுத் தனியாகக் கணக்குப் பண்ணுகிறோம் அல்லவா? அந்த மாதிரி, விசில் ஊதினதிலிருந்து கடைசி விசில் வரைக்கும் உள்ள நேரத்தைப் பிள்ளைகள் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுகிறார்கள். அதற்குள்ளே வேறு சட்டம், வேறு நியாயம். குறிக்கு வெளியே வந்ததும் மறுபடி நம் வீட்டுப் பிள்ளை.

இதில் கொஞ்சம் நியாயம் இல்லாமலும் இல்லை. விளையாட்டு என்றால் அதற்கென்று தனி உலகம் வேண்டித்தான் இருக்கிறது. "பாவம், எதிர்க் கட்சிக்காரன் ரொம்ப நேரமாகப் பந்துக்கு ஆசைப்படுகிறானே!" என்று உங்கள் பிள்ளை அவன் காலடியில் பந்தை வைத்துவிட்டு வந்தால் ஆட்டம் நடக்குமா? வீட்டிலே "விட்டுக் கொடு" என்று சொல்லி வளர்க்கிறோம். மைதானத்திலே விட்டுக் கொடுக்காமல் ஆடுவதுதான் எதிரிக்குச் செய்கிற மரியாதை. பொறுப்பில் ஒரு பகுதியை ரெஃப்ரியிடம் ஒப்படைத்துவிட்டு, மனசு முழுவதையும் பந்தில் வைத்து ஆடுவதும் சரிதான். அந்தக் கொஞ்ச நேர விடுதலைக்காகத்தானே விளையாட்டே!

ஆனால் வேலி எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். மும்முரமாக ஆடுவது வேறு; அடிப்பது வேறு. ஃபுட்பாலில் பந்துக்காகத் தோளோடு தோள் மோதுவதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. கபடியில் பாடி வருகிறவனை நாலு பேர் சேர்ந்து அமுக்கலாம். அதில் சிராய்ப்பும் வரும், சுளுக்கும் வரும். அதெல்லாம் விளையாட்டோடு சேர்ந்தது. பந்தை விட்டுவிட்டுக் காலைக் குறிவைத்து உதைப்பது, ரெஃப்ரியின் முதுகுக்குப் பின்னால் முழங்கையால் விலாவில் இடிப்பது, "அவன்தான் அவர்கள் கோஷ்டியில் கெட்டிக்காரன், அவனை முதலில் நொண்டி ஆக்கு" என்று முன்கூட்டியே திட்டம் போடுவது, இவை வேறு ஜாதி. முன்னதில் காயம் தானாக வருகிறது. பின்னதில் காயத்தைத் தேடிப் போகிறார்கள். உங்கள் பிள்ளையைக் கேட்டால் இந்த வித்தியாசம் அவனுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் எப்படிச் செய்கிறான் என்பதுதான் அடுத்த விஷயம்.

ஆல்பர்ட் பந்துரா என்று ஒரு மனோதத்துவ நிபுணர். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் வெகுகாலம் பேராசிரியராக இருந்து, 2021இல் தொண்ணூற்றைந்து வயசில் காலமானார். 1961இல் இவர் ஒரு பரிசோதனை நடத்தினார். பெரியவர் ஒருவர் ஒரு பெரிய பொம்மையைப் போட்டு அடிப்பதைக் குழந்தைகள் பார்க்கும்படி செய்தார். பிறகு அந்தக் குழந்தைகளை அதே மாதிரிப் பொம்மையோடு விட்டபோது, அவர்களும் பெரியவர் அடித்த தினுசிலேயே அடித்தார்கள். அவர் சொன்ன வார்த்தைகளைக்கூட அப்படியே சொன்னார்கள். இந்தப் பொம்மைக் கதை உலகம் முழுவதும் பிரசித்தம்.

அதே பந்துரா, நல்ல மனிதர்கள் கெட்ட காரியம் செய்துவிட்டு எப்படி நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்றும் ஆராய்ந்தார். மனச்சாட்சிக்கு விடுமுறை கொடுத்து அனுப்ப எட்டு வழிகள் இருக்கின்றன என்று கணக்குக் கொடுத்தார். அந்த எட்டையும் புத்தகத்தில் தேட வேண்டாம். பந்தயம் முடிந்த சாயங்காலம் உங்கள் வீட்டுக் கூடத்திலேயே கேட்கலாம்.

"நம்ம ஸ்கூல் மானத்தைக் காப்பாத்தத்தானே செய்தேன்!" இது ஒன்று. "அடிக்கல்லேம்மா, சும்மா ஒரு தட்டுத் தட்டி வெச்சேன்." இது இரண்டு, அடிக்குச் செல்லப் பெயர் வைப்பது. "அவங்க செய்ததைப் பார்த்தா நான் செய்தது ஒண்ணுமே இல்லே." மூன்று. "கோச் சார்தான் சொன்னாரு." நான்கு. "நான் மட்டுமா? எல்லாரும்தான் செய்தோம்." ஐந்து. "அவனுக்கு ஒண்ணும் ஆகல்லே, சும்மா நடிக்கிறான்." ஆறு. "அவனுங்க எல்லாம் மனுஷங்களா? காட்டுமிராண்டிங்க!" ஏழு. "அவன்தான் முதல்லே ஆரம்பிச்சான்." எட்டு.

சிரிப்பு வருகிறதா? கொஞ்சம் பொறுங்கள். ரேஷன் கடை வரிசையில் நாம் முண்டியடிக்கும்போதும், ஓரகத்தியைப் பற்றி நாலு வார்த்தை ஜாஸ்தியாகச் சொல்லிவிட்டபோதும், இந்த எட்டில் ஒன்றையாவது நாமும் சொல்லியிருப்போம். பிள்ளைகள் இந்தப் பாஷையை மைதானத்தில் கற்றுக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள் என்று நினைக்கிறோம். பாதி சரக்கு வீட்டிலிருந்து மைதானத்துக்குப் போனதாகக்கூட இருக்கலாம்!

இங்கிலாந்தில் இயன் போர்ட்லி, மரியா கவுசானு என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2007இல் இந்தச் சாக்குகளை விளையாட்டுக்காரர்களிடம் அளந்து பார்க்கக் கேள்வித்தாளே தயாரித்தார்கள். இந்தச் சாக்குகளை ஜாஸ்தியாக ஒப்புக்கொள்கிறவர்கள்தான், எதிரியை வேண்டுமென்று காயப்படுத்துவது போன்ற காரியங்களையும் ஜாஸ்தியாகச் செய்கிறார்கள் என்பது இப்படிப்பட்ட ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது. வாய்ப்பேச்சுத்தானே என்று சாக்குகளைத் தள்ளிவிடுவதற்கில்லை. இன்று சொல்லித் தப்பிக்கிற சாக்கு, அடுத்த சனிக்கிழமை அடிக்கும் அடிக்கு முன்கூட்டியே வாங்கி வைத்த அனுமதிச் சீட்டு.

"நல்ல பையன்கள் இப்படி ஆவார்களா?" என்று இன்னும் சந்தேகமாக இருந்தால், 1954ஆம் வருஷத்துக் கதை ஒன்று சொல்கிறேன், கேளுங்கள்.

அமெரிக்காவில் ஒக்லஹோமா மாகாணத்தில் ராபர்ஸ் கேவ் என்று ஒரு வனப்பூங்கா. அங்கே முஸாபர் ஷெரீப் என்ற பேராசிரியர், பதினோரு வயசு மதிக்கத்தக்க 22 பையன்களைக் கோடைக்கால முகாமுக்கு அழைத்துக்கொண்டு போனார். எல்லாரும் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள், நன்றாகப் படிக்கிறவர்கள், ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். இரண்டு கோஷ்டியாகப் பிரித்தார். ஒன்றுக்குக் 'கழுகுகள்' என்றும், இன்னொன்றுக்கு 'விரியன் பாம்புகள்' என்றும் பையன்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். பிறகு பேஸ்பால், கயிறு இழுப்பு என்று பந்தயங்கள். ஜெயிக்கிற கோஷ்டிக்குக் கோப்பை; ஒவ்வொருவனுக்கும் பதக்கமும் பேனாக்கத்தியும்; தோற்றவர்களுக்கு ஒன்றும் கிடையாது.

இரண்டு நாள்கூட ஆகவில்லை. கயிறு இழுப்பில் தோற்ற கழுகுகள், பாம்புகளின் கொடியை எடுத்துக் கொளுத்திவிட்டார்கள். பாம்புகள் கழுகுகளின் குடிலுக்குள் புகுந்து சூறையாடினார்கள். காலுறைக்குள் கல்லைப் போட்டு ஆயுதம் தயார் செய்கிற அளவுக்கு விவகாரம் முற்றியது. ஒவ்வொரு கோஷ்டியையும் கேட்டால், "நாங்கள் வீரர்கள், அவர்கள் அழுகுணிகள், ஏமாற்றுக்காரர்கள்" என்ற ஒரே பாட்டுத்தான்.

பிறகு அந்தப் பேராசிரியரே தகராறைத் தீர்க்க வழி தேடினார். இரண்டு கோஷ்டியையும் சேர்த்து உட்கார்த்திச் சாப்பாடு போட்டார். சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள்! உபதேசத்தாலும் விருந்தாலும் முடியாததைத் தண்ணீர்க் கஷ்டம் முடித்துவைத்தது. முகாமுக்கு வருகிற தண்ணீரை நிறுத்தி, எல்லாரும் சேர்ந்து தேடினால்தான் பழுதைக் கண்டுபிடிக்கலாம் என்ற நிலைமையை உண்டாக்கினார். இன்னொரு நாள் சாப்பாடு கொண்டுவரப் போகும் லாரி கிளம்பவில்லை. கயிறு கட்டி இழுத்தார்கள். எந்தக் கயிறு தெரியுமா? கயிறு இழுப்புப் பந்தயத்தில் எதிரும் புதிருமாக நின்று இழுத்தார்களே, அதே கயிறு! இந்த முறை எல்லாரும் ஒரே பக்கம்.

இந்தக் கதைக்கு முன்கதை ஒன்றும் உண்டு. அதற்கு முந்தின வருஷம், 1953இல், நியூயார்க் மாகாணத்தில் ஷெரீப் இதே மாதிரி ஒரு முகாம் போட்டிருந்தார். அங்கே பையன்களைப் பிரிப்பதற்கு முன்னால் எல்லாரும் கலந்து பழகச் சந்தர்ப்பம் கிடைத்துவிட்டது. பிரித்த பிறகு பெரியவர்கள் என்னென்னவோ சூழ்ச்சி செய்து மூட்டிவிட்டும், பையன்கள் பகையாகவில்லை. ஆராய்ச்சியையே கைவிட வேண்டியதாகப் போயிற்று. பேராசிரியருக்கு அது தோல்வி. நமக்கோ அதில்தான் பெரிய ஆறுதல். எதிரே நிற்கிறவன் யார் என்று தெரிந்துவிட்டால், அவனை அடிக்கக் கை வருவதில்லை.

இதெல்லாம் முகாமில் நடந்த சமாசாரம். காலுறையும் கல்லும் பெரியவர்கள் கண்காணிப்பில் அடங்கிப்போயின. ஆனால் கண்காணிக்க வேண்டிய பெரியவரே சேர்ந்துகொண்டால்?

2012 டிசம்பர் 2ஆம் தேதி, ஹாலந்து தேசத்தில் அல்மேரே என்ற ஊரில் இளைஞர்களின் ஃபுட்பால் பந்தயம் ஒன்று நடந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடும் ஆட்டம் அல்ல, ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. எல்லைக்கோட்டில் கொடி பிடித்து நின்றவர் நாற்பத்தொரு வயசுக்காரர். சம்பளத்துக்கு வந்தவர் அல்ல. அவருடைய சொந்த மகனும் அந்த ஆட்டத்தில் ஆடினான். நம் தெருவில் எத்தனையோ அப்பாக்கள் செய்கிற மாதிரி, உதவிக்கு நின்றவர். ஆட்டம் முடிந்ததும், அவர் கொடி காட்டியது பிடிக்காத எதிர்க் கட்சிப் பையன்கள் அவரைக் கீழே தள்ளி உதைத்தார்கள். எழுந்து நடந்தவர், சில மணி நேரம் கழித்து மயங்கி விழுந்து, மறுநாள் இறந்துபோனார். அந்த வாரக் கடைசியில் ஹாலந்து ஃபுட்பால் சங்கம், தேசம் முழுவதும் அமெச்சூர் ஆட்டங்கள் அத்தனையையும் ரத்துச் செய்தது.

மறு வருஷம் ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. பதினைந்து, பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைகள் ஆறு பேரைக் குற்றவாளிகள் என்றது கோர்ட். ஏழாவது குற்றவாளி யார்? அந்தப் பிள்ளைகளில் ஒருவனுடைய தகப்பனார்! வயசு ஐம்பது. பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் உதைத்திருந்தார். அவருக்கு ஆறு வருஷச் சிறை.

இது லட்சத்தில் ஒன்று என்று எனக்கும் தெரியும். காலை வாரிவிடுகிற பிள்ளையெல்லாம் கொலைகாரனாகிவிடுவான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அன்று காலை வீட்டிலிருந்து புறப்பட்டபோது அந்த ஆறு பிள்ளைகளும் பையில் பூட்ஸும் சட்டையும் எடுத்துக்கொண்டு புறப்பட்ட சாதாரணப் பிள்ளைகள்தான். அடைப்புக்குறி கடைசி விசிலோடு மூடிக்கொள்ளும் என்று நாம் நம்புகிறோம். சில சமயம் அது மூடாமலே போய்விடுகிறது.

இனி பெண்பிள்ளைகள். "எங்கள் வீட்டில் பெண்தான் ஆடுகிறாள், அவளுக்கு இந்தக் கவலை இல்லை" என்று இருக்க வேண்டாம். டான் ஸ்டீபன்ஸும், முன்னே சொன்ன பிரெடமேயர் அம்மையாரும் 1996இல் ஃபுட்பால் ஆடும் சிறு பெண்களை வைத்து ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். எதிரியைக் காயப்படுத்தத் தயங்க மாட்டேன் என்று சொன்ன பெண்களிடம் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, தன் கோஷ்டியில் பல பேர் அப்படித்தான் செய்வார்கள் என்று அந்தப் பெண் நினைத்தாள். இரண்டு, தன் கோச்சுக்கு, ஒவ்வொருத்தியும் நன்றாக ஆடக் கற்பதைவிட, மற்றவர்களை மிஞ்சுவதுதான் முக்கியம் என்று நினைத்தாள். பிறவிக் குணத்தைவிட, சுற்றி நிற்கிறவர்கள் எதை மெச்சுகிறார்கள் என்பதைத்தான் பிள்ளைகள் பார்க்கிறார்கள். பிள்ளைகளைச் சுற்றி நிற்கிறவர்களில் நாமும் உண்டு.

"வயசுப் பையன். உடம்பில் இருக்கிற முறுக்கை மைதானத்தில் கொட்டிவிட்டு வந்தால் வீட்டில் சாதுவாக இருப்பான்" என்று ஒரு நம்பிக்கை உண்டு. குக்கரில் ஆவியை வெளியே விடுகிற கணக்கு! ஓடியாடி விளையாடினால் உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்பது வாஸ்தவம். ஆனால் அடித்து அடித்துக் கோபத்தைத் தீர்க்கலாம் என்பதை ஆராய்ச்சிகள் ஆதரிக்கவில்லை. 1969இல் பிலடெல்பியாவில் ராணுவ அணிக்கும் கடற்படை அணிக்கும் அமெரிக்க ரக ஃபுட்பால் பந்தயம் நடந்தபோது, கோல்ட்ஸ்டீன், ஆர்ம்ஸ் என்ற இருவர் பார்வையாளர்களை ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் கேள்வி கேட்டார்கள். வெறுமனே உட்கார்ந்து பார்த்தவர்களுக்கே ஆட்டம் முடிந்த பிறகு சிடுசிடுப்பு ஜாஸ்தியாக இருந்தது. தோற்ற கட்சிக்காரர்களுக்கு மட்டும் அல்ல, ஜெயித்த கட்சிக்காரர்களுக்கும்! ஜிம்னாஸ்டிக்ஸ் பார்த்தவர்களிடம் அந்த மாறுதல் இல்லை. பார்த்தவர்கள் கதி இது என்றால், அடித்தவன் வீட்டுக்குச் சாதுவாக வருவான் என்று எப்படி நம்புவது? சங்கீதத்தில் சாதகம் பண்ணப் பண்ணக் கை வருகிற மாதிரி, இதிலும் சாதகம்தான் நடக்கிறது.

"அப்படியானால் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். சட்டத்தால் பலன் உண்டு. கனடாவில் பனிக்கட்டிமேல் ஆடும் ஹாக்கியில், எதிரியை உடம்பால் வேகமாக மோதித் தள்ளுவதை ஒரு வித்தையாகவே சொல்லிக் கொடுப்பார்கள். 11, 12 வயசுப் பையன்களுக்கு இதை அல்பர்ட்டா மாகாணத்தில் அனுமதித்திருந்தார்கள். கியூபெக் மாகாணத்தில் அனுமதிக்கவில்லை. கரோலின் எமரி என்ற அம்மையார் தலைமையில் இரண்டு இடத்துப் பையன்களையும் கவனித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். அனுமதித்த இடத்தில் காயங்கள் மூன்று மடங்குக்கும் மேல்! 2013இல் கனடா ஹாக்கி சங்கம் அந்த வயசுக்காரர்களுக்கு அதைத் தேசம் முழுவதும் தடுத்துவிட்டது. "ஆட்டத்திலே இதெல்லாம் சகஜம்" என்று அங்கேயும் வெகு காலம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். பெரியவர்கள் கூடி, சகஜம் இல்லை என்று ஒரு நாள் முடிவு செய்தார்கள்.

ஃபுட்பாலில் மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை காட்டுகிறார்களே, அது வந்த கதையும் இப்படித்தான். 1962இல் சிலி தேசத்துக்கும் இத்தாலிக்கும் நடந்த உலகக் கோப்பைப் பந்தயம் கைகலப்பாகவே முடிந்தது. அன்று ரெஃப்ரியாக இருந்தவர் கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேயர். சில வருஷங்களுக்குப் பின் காரில் போகும்போது, தெருமுனைச் சிக்னல் விளக்கைப் பார்த்து, 'மஞ்சள் என்றால் ஜாக்கிரதை, சிவப்பு என்றால் நில்' என்ற யோசனை அவருக்குத் தோன்றியது. 1970இல் மெக்ஸிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் வந்தன.

ஆனால் அட்டைக்கும் ஓர் எல்லை உண்டு. ரெஃப்ரி பார்த்தால்தான் அட்டை. "ரெஃப்ரி பார்க்கவில்லை என்றால் ஃபவுல் இல்லை" என்று பிள்ளைகள் கற்றுக்கொண்டால், அட்டை வெறும் விலைச் சீட்டாகிவிடும். 'ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தால் ஒரு கோலைத் தடுக்கலாம்' என்று வியாபாரக் கணக்குப் போடுவார்கள். ரெஃப்ரியின் கண் எட்டாத இடத்தில் பிள்ளையோடு கூடப் போவது வீட்டில் கேட்ட பேச்சுத்தான்.

ஆகையால், அடுத்த சனிக்கிழமை சாயங்காலத்துக்குச் சில யோசனைகள்.

பிள்ளை வாசலில் கால் வைத்ததும் "ஜெயித்தீர்களா?" என்று கேட்பதைக் கொஞ்ச நேரம் தள்ளிப் போடுங்கள். எப்படியும் அவனே சொல்லிவிடுவான். "இன்றைக்கு எதிர்க் கட்சியில் யாருடா நன்றாக ஆடினான்?" என்று கேளுங்கள். முதல் வாரம் உங்களை ஒரு மாதிரி பார்ப்பான். மூன்றாவது வாரம் பெயர் சொல்லுவான். நாலாவது வாரம் அவன் எந்தக் காலால் பந்து அடிப்பான் என்பது வரைக்கும் சொல்லுவான். பெயர் தெரிந்த பையனைக் 'காட்டுமிராண்டி' என்று சொல்ல வாய் கூசும். முடிந்தால் பந்தயத்துக்குப் பிறகு இரண்டு கோஷ்டிக்கும் சேர்த்து ஒரு பானை மோரோ, ஒரு கூடை ஆரஞ்சோ அனுப்புங்கள். 1953இல் அந்தப் பேராசிரியரின் பரிசோதனையைக் கெடுத்த மருந்து இதுதான்.

அடித்ததைப் பெருமையாகச் சொன்னால், திட்டவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். திட்டினால் அடுத்த தடவை சொல்ல மாட்டான். சிரித்தால் அடுத்த தடவை பெரிதாகச் செய்வான். "அவனுக்கு எங்கே பட்டது? இப்போது எப்படி இருக்கிறானாம்?" என்று அவன் காயத்தைக் கேட்கிற அதே அக்கறையோடு கேளுங்கள். தெரியாது என்றால், "நாளைக்கு விசாரித்துவிட்டு வா" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். எட்டுச் சாக்குகளில் ஆறாவது சாக்கு அங்கேயே உதிர்ந்துவிடும்.

"அவன் முதல்லே அடிச்சா நான் என்ன செய்யறது? வாங்கிக்கிட்டு வரணுமா?" என்று அவன் கேட்பது நியாயமான கேள்வி. கோழையாக இரு என்று சொல்லாதீர்கள். கேப்டனிடம் சொல், கேப்டன் ரெஃப்ரியிடம் சொல்லட்டும், நீ பந்தை எடுத்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போ, அதுதான் அவனுக்கு வலிக்கிற அடி என்று சொல்லுங்கள். திருப்பி அடிக்கிறவன்தான் பெரும்பாலும் ரெஃப்ரியின் கண்ணில் படுகிறான் என்பது மைதானம் போகிற எல்லாருக்கும் தெரியும். அதோடு, "திருப்பிக் கொடுத்தாயா இல்லையா?" என்ற கேள்வியை வீட்டில் யாரும் கேட்கக் கூடாது. தாத்தாவும் சேர்த்துத்தான்!

பந்தயம் பார்க்கப் போனால் கோட்டுக்கு வெளியே நம் வாய்க்கும் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். "விடாதே, போடு!" என்று கத்துகிற குரல் அப்பாவுடையதாக இருந்தால், பிள்ளைக்கு அது கோச்சின் உத்தரவைவிடப் பெரிய உத்தரவு. ரெஃப்ரியைத் திட்டுகிற ஒவ்வொரு வார்த்தையையும் பதினைந்து வயசுக் காதுகள் பத்திரப்படுத்திக்கொள்கின்றன. கோச் "அவனைக் கவனித்துக்கொள்" என்று ஜாடையாகச் சொல்லிக் கொடுக்கிறவர் என்று தெரிந்தால், நாலு தாய்மார்களாகச் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போய், மரியாதையாகக் கேட்டுவிட்டு வாருங்கள். தனியாகப் போனால் 'பயந்தாங்கொள்ளி அம்மா' என்பார்கள். நாலு பேராகப் போனால் நாற்காலி போடுவார்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். இதையெல்லாம் படித்துவிட்டு, "நீ ஆடவே போக வேண்டாம், உட்கார்ந்து படி" என்று பூட்ஸைப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள். தோற்றுவிட்டு எதிரியின் கையைப் பிடித்துக் குலுக்க, கோபம் வந்த நேரத்தில் காலை அடக்க, தன்னைவிடக் கெட்டிக்காரனைக் கெட்டிக்காரன் என்று ஒப்புக்கொள்ள, மைதானத்தைப் போல நல்ல பள்ளிக்கூடம் வேறு கிடையாது. அங்கே என்ன பாடம் நடக்கிறது என்று நாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

அடுத்த தடவை "ஆட்டத்திலே இதெல்லாம் சகஜம்" என்று குரல் கேட்டால், பஞ்சை வெந்நீரில் நனைத்துக்கொண்டே, "எதெல்லாம்டா சகஜம்? ஒவ்வொன்றாகச் சொல்லு, கேட்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். சொல்ல ஆரம்பித்தால், எந்த இடத்தில் அவன் குரல் இறங்குகிறது என்று உங்களுக்கே தெரியும்.